இருபத்து மூணு கேன்

இப்படித் தள்ளி உக்காருங்க சார், அந்த ஓரத்துல ஃபேன் காத்து வராது. யாரு, உங்க அண்ணனா? இதே வார்டுதானா? சரி சரி. பேரு கூப்பிடறதுக்கு எப்படியும் பதினொண்ணு ஆயிடும். பெரிய டாக்டரு இப்பத்தான் உள்ள போயிருக்காரு. நான் ஒம்பது நாளா இந்த பெஞ்சுலதான் கெடக்கறேன், இங்க யாரு எப்ப வருவாங்க, எப்பப் போவாங்க, எல்லாம் எனக்கு அத்துப்படி.

எனக்கு என் வீட்டுக்காரம்மா சார். சுலோச்சனா. அம்பத்திரெண்டு வயசு. ஈரல்னு சொல்றாங்க. கண்ணு ரெண்டும் மஞ்சளாயிடுச்சு, வயிறு வீங்கிடுச்சு. கொண்டாந்து சேர்த்த அன்னிக்கு மொதக் கேள்வி என்ன கேட்டாங்க தெரியுமா? சின்ன டாக்டரு ஒருத்தி, நம்ம பொண்ணு வயசுதான் இருக்கும், என்னைத் தனியாக் கூப்ட்டு, "அம்மா குடிப்பாங்களா ஐயா?"ங்கறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன் குடிச்சிருந்தாலே எறங்கி அடுத்த பஸ்ஸுல வர்ற பொம்பள சார் அவ.

அப்புறம் கேட்டா, நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்ட்டாங்களா, வலி மாத்திரை ரொம்பப் போடுவாங்களா, வேலை செய்யற எடத்துல கெமிக்கல் ஏதாச்சும் பொழங்கறாங்களான்னு. இல்லம்மா, டெய்லரிங், உக்காந்த எடத்துல வேலைன்னேன். எழுதிக்கிட்டா.

நானா? நான் ரிட்டயர்டு சார். ஏகாம்பரம். மிலிட்டரிக்கு சாமான் போற டிப்போவுல ஸ்டோர் கீப்பர். எந்த டிப்போன்னு கேக்காதீங்க. முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ். ஒம்பதாம் நம்பர் ஷெட்டு என் பொறுப்பு. டாங்கிக்கு வேண்டிய பெயிண்டு, கிரீஸு, தின்னரு, பேட்டரித் தண்ணி, தீயணைக்கிற காஸ் பாட்டிலு, எல்லாம் என் ஷெட்டுலதான். இருட்டுல வந்து கேட்டாலும் எந்த அலமாரி எந்தத் தட்டுன்னு கை நீட்டிக் காட்டுவேன். யாருக்கும் ஒரு கெடுதல் நெனச்சதில்ல. டிப்போவுல யாரை வேணா கேளுங்க. ஒரே ஒருத்தியத் தவிர.

ரெஜினா சார் அவ பேரு. அந்தப் பொண்ணாலதான் நான் கடைசிப் ப்ரமோஷன் இல்லாம வெளிய வந்தேன். சொல்றேன் கேளுங்க, நேரம் போவணும்ல.

அவ அப்பா ஆரோக்கியசாமி எங்க டிப்போவுலதான் பார்ட்ஸ் கழுவற செக்‌ஷன்ல இருந்தாரு. பழைய எஞ்சின் பார்ட்ஸு கிரீஸோட வரும். தொட்டியில லிக்விட்டை ஊத்தி, கையை விட்டுத் தேச்சு எடுக்கணும். பதினோரு வருஷம் அதே வேலை. நாப்பத்தொம்பது வயசுல செத்துட்டாரு. மஞ்சக் காமாலை. குடிச்சுக் குடிச்சு ஈரல் வெந்து போச்சுன்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். கருணை அடிப்படையில பொண்ணுக்கு கிளார்க் வேலை குடுத்தாங்க. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சிருந்தா. ஒரு தடவ டீ குடிக்கறப்ப எவனோ அவ அப்பன் குடிச்ச கதையை எடுத்தான். டம்ளரைக் கீழ வச்சுட்டு நிதானமாச் சொன்னா, "எங்கப்பா குடிக்க மாட்டாரு சார்"ன்னு. அவ்வளவுதான் சொன்னா. எல்லா மகளும் அப்படித்தான சொல்லுவா? நீங்களே சொல்லுங்க.

ரிட்டயர் ஆவறதுக்கு மூணு வருஷம் இருக்கறப்ப டெல்லியிலருந்து ஒரு ஆர்டர் வந்துச்சு. படைக்குப் போற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர் உண்டு சார். அந்த நம்பருக்கு நேரா ரெண்டு கட்டம் புதுசாப் போட்டிருந்தான். ஒண்ணு, இது வானத்துல இருக்கற ஓசோனைக் கெடுக்கற சாமானா? ரெண்டு, மனுசனுக்கு ஆபத்தான சாமானா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு போடணும். ஆமான்னு போட்டா, அது எத்தனை இருக்கு, எங்க இருக்கு, யாருக்குப் போவுது, எல்லாத்தையும் பின்னாடியே தொடர்ந்து எழுதிட்டு வரணும். எங்க டிப்போவுல பதினாலாயிரம் அயிட்டம். எங்களுக்கு ஒரே சிரிப்பு. ஷெட்டுக் கூரை ஒழுவுதுன்னு நாலு வருஷமா எழுதிப் போடறோம், அதைப் பாக்க ஆளில்ல, வானத்துல ஓட்டையாம், அதை நாங்க அடைக்கணுமாம்!

பெரிய ஆபீசரு அந்த வேலையை ரெஜினாகிட்ட குடுத்தாரு. கெமிஸ்ட்ரி படிச்ச புள்ளைன்னு. வேற யாரா இருந்தாலும் சீட்டுல உக்காந்தபடியே இல்ல, இல்ல, இல்லன்னு போட்டுட்டு ஒரு வாரத்துல அனுப்பியிருப்பான். இவ ஒரு நோட்டையும் டார்ச்சையும் எடுத்துக்கிட்டு ஷெட்டு ஷெட்டா எறங்கிட்டா. ஒவ்வொரு டின்னையும் திருப்பி லேபிளப் படிப்பா. லேபிளு இல்லன்னா தயாரிச்ச கம்பெனிக்கு லெட்டர் எழுதிக் கேப்பா. ஆபத்தான சாமான்ல எல்லாம் செவப்பு ஸ்டிக்கரு. மண்டையோடு படம் போட்டது. மூணு மாசத்துல என் ஷெட்டு சுடுகாடு மாதிரி ஆயிடுச்சு சார், எங்க திரும்பினாலும் மண்டையோடு!

மொதல்ல காஸ் பாட்டிலப் புடிச்சா. டாங்கிக்குள்ள தீப்புடிச்சா கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள தானா அணைக்கற பாட்டிலு அது. அந்த காஸும் ஓசோனக் கெடுக்கற வகைதானாம். சரி, எண்ணிட்டுப் போக வேண்டியதுதான? தராசு கொண்டாந்து ஒவ்வொண்ணா நிறுத்துப் பாத்தா. பாதிப் பாட்டிலு எடை கொறைஞ்சிருந்துச்சு. "காஸ் கசிஞ்சு போயிருக்கு சார். வெளிய பாத்தா புதுசு, உள்ள காலி. டாங்கிக்குள்ள நாலு பேரு உக்காந்திருப்பாங்களே"ன்னா. நான் சொன்னேன், "உனக்கு எண்ணச் சொல்லித்தான் ஆர்டரு, நிறுக்கச் சொல்லி இல்ல."

அதுக்கப்புறந்தான் அந்தக் கேனுக்கு வந்தா.

க்ளீனிங் லிக்விட்டுன்னு நாங்க சொல்லுவோம். ஆரோக்கியசாமி தொட்டியில ஊத்தினதும் அதேதான். தண்ணி மாதிரி இருக்கும், லேசா ஒரு இனிப்பு வாசனை. துணியில எந்த எண்ணெய்க் கறை இருந்தாலும் பஞ்சுல தொட்டு ஒத்துனா போதும், மாயமாப் போயிடும். அஞ்சு லிட்டர் கேனு. அதை வாங்கறத நிறுத்தச் சொல்லி ஆர்டர் வந்து, மிச்சம் கிடந்தது மூலையில. ரிஜிஸ்டர்ல எம்பத்தி நாலு. அவ எண்ணினா அறுவத்தி ஒண்ணு.

இருபத்து மூணு கொறைஞ்சுது.

நான் தின்னுட்டேனா சார்? ஆபீசருங்க வீட்டுல கார் சீட்டு தொடைக்கன்னு கேப்பாங்க, குடுத்தேன். மெஸ்ஸுல கேட்டாங்க, குடுத்தேன். எப்படியும் கண்டம் பண்ணி மண்ணுல ஊத்தப் போறதுதான! நானும் ஆறு கேன் வீட்டுக்குக் கொண்டு போனேன். ஆமா, கொண்டு போனேன். சுலோச்சனா அப்பத்தான் பிளவுஸ் தைக்க ஆரம்பிச்சிருந்தா. தையல் மிஷின் எண்ணெய் பட்டுத் துணியில பட்டுடும், அழுவா. ஒரு கேனக் கொண்டாந்து குடுத்தேன். கறை போனதப் பாத்துட்டு அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே! முப்பது வருஷத்துல நான் வாங்கிக் குடுத்த எதுக்கும் அவ அப்படிச் சிரிச்சதில்ல. லேபிள மட்டும் சுரண்டிட்டுத்தான் குடுத்தேன். கேட்டுல செக்யூரிட்டி பாப்பான்ல, அதுக்காக.

ரெஜினாகிட்ட நல்லபடியாத்தான் சொன்னேன். "அறுவத்தி ஒண்ணுன்னே எழுதிடும்மா. பழைய ரிஜிஸ்டரை நான் பாத்துக்கறேன்." அவ கேக்கல. "எத்தனை இருந்துச்சுங்கறது இல்ல சார் விஷயம். அந்த இருபத்து மூணும் இப்ப யாரு வீட்டுல இருக்குதுங்கறதுதான்"னா. ரிப்போர்ட்டுல எழுதிட்டா. எனக்கு மெமோ வந்துச்சு.

அதோட விட்டாளா? ஒரு ஞாயித்துக்கெழமை என் வீட்டு வாசல்ல வந்து நிக்கறா சார். என் வீட்டு வாசல்ல! ஆபீசரு வீடு, மெஸ்ஸு, எல்லா எடத்துக்கும் போயி ஒவ்வொரு கேனா திரும்ப வாங்கிட்டு வந்திருக்கா. பதினேழு கேனு கெடைச்சுடுச்சாம். ஆட்டோவுல வச்சிருந்தா. "மிச்சம் ஆறு உங்ககிட்ட இருந்தா குடுத்துடுங்க சார். ரிஜிஸ்டருக்காகக் கேக்கல"ன்னா.

என்கிட்ட ஏதும் இல்லன்னுட்டேன்.

உள்ளருந்து சுலோச்சனா, "யாருங்க, உள்ள வரச் சொல்லுங்க, காபி போடறேன்"னு வந்தா. தையல் ரூமுக் கதவு தொறந்திருந்துச்சு. ரெஜினா மூக்கு சுருங்கினத நான் பாத்தேன். வாசல்ல நின்னபடியே மோந்துட்டா. அவ அப்பன் சட்டையில வாசம் புடிச்சு வளந்தவ இல்லையா! சுலோச்சனாவையே பாத்துக்கிட்டு நின்னா. "அக்கா, உங்களுக்குத் தலைவலி வருமா?"ன்னு கேட்டா. "தையல்காரிக்குத் தலைவலி வராம இருக்குமா பாப்பா"ன்னு இவ சிரிச்சா.

நான் அவளை வெளிய தள்ளிட்டு வந்தேன். கையப் புடிச்சு இல்ல சார், பேச்சுலதான். கேட்டுகிட்ட நின்னு மெதுவாச் சொன்னா, சுலோச்சனாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு, "சார், அது கார்பன் டெட்ராகுளோரைடு. மூடின ரூமுல வச்சு மோந்தா ஈரலத் தின்னுடும். எங்கப்பாவுக்கு நடந்தது அதுதான். அக்காவுக்காகக் கேக்கறேன்." அழுதா சார். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? எனக்கு மெமோ வாங்கிக் குடுத்துட்டு என் வீட்டு வாசல்ல நின்னு அழுது காட்டறாளேன்னுதான் தோணுச்சு. அந்த ஆறையும் எடுத்துக் குடுத்தா நான் திருடன்னு ஆயிடும்ல. போம்மான்னுட்டேன்.

உள்ள வந்ததும் சுலோச்சனா கேட்டா, "அந்தப் பொண்ணு ஏங்க என்னை அப்படிப் பாத்துது?" பொறாமைன்னேன். ஆபீசுல என் மேல பொறாமைன்னு. நான் சொன்னா நம்புவா சார். கல்யாணமான நாளா நான் சொன்ன எதையும் அவ இன்னொரு தடவ கேட்டதில்ல.

அப்புறம் என்ன? ஒரு பெட்டிஷன் எழுதினோம். நாங்க நாலு பேரு கையெழுத்து. அந்தப் பொண்ணு சீனியருங்கள மதிக்கறதில்ல, லீவு நாள்ல வீடு வீடாப் போயி பயமுறுத்துதுன்னு. வடக்க ரெண்டு நாள் ரயில்ல போற ஊருக்கு மாத்திட்டாங்க. கைக்கொழந்த வச்சிருந்தா. நானா மாத்தினேன்? மேல உள்ளவங்க மாத்தினாங்க. அவ எடத்துக்கு வந்தவன் மிச்சமிருந்த கட்டத்துல எல்லாம் ஒரே சாயங்காலத்துல இல்லன்னு போட்டு அனுப்பிட்டான். ஸ்டிக்கரை எல்லாம் கிழிச்சாச்சு. ஷெட்டு பழையபடி ஆச்சு.

என் மெமோவுக்கு நான் எழுதிக் குடுத்தேன், "மேற்படி திரவம் கோடை வெயிலில் ஆவியாகிவிட்டது"ன்னு. இருபத்து மூணும் ஆவியாப் போச்சு. திரும்பி வந்த பதினேழையும் கணக்குல காட்டல, காட்டினா எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பான்ல. ஷெட்டுக்குப் பின்னாடி பள்ளம் தோண்டி ஊத்தச் சொல்லிட்டாரு ஆபீசரு. அந்தப் பக்கம் கெணறு இருந்துச்சு, இப்ப யாரும் பொழங்கறதில்லன்னு கேள்வி.

காஸ் பாட்டிலா? அது போயிடுச்சு சார், லாரியில ஏத்தி அனுப்பியாச்சு. மறு வருஷம் ராஜஸ்தான் பக்கம் பயிற்சியில ஒரு டாங்கி உள்ள தீப்புடிச்சுதாம். ரெண்டு பசங்க. பாட்டிலு வேலை செய்யலன்னு பேசிக்கிட்டாங்க. அது நம்ம பாட்டிலுதானா, வேற டிப்போ பாட்டிலா, யாருக்குத் தெரியும்? யாரும் கேக்கல. நானும் கேக்கல.

தண்ணி வேணுமா சார்? இருக்குது, குடிங்க.

ப்ரமோஷன் போச்சு. பிரிவு உபசார விழாவுக்கு ஆபீசரு வரல. ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், அவ்வளவுதான். முப்பத்தி நாலு வருஷத்துக்கு. எல்லாம் அந்த ஒருத்தியால.

ஆனா சுலோச்சனா கை ராசிக்காரி சார். நான் ரிட்டயர் ஆனதுலருந்து அவ தொழிலு நல்லா ஏறுச்சு. பட்டுச் சேலையில எண்ணெய் பட்டுட்டா சுலோச்சனா அக்காகிட்ட குடுன்னு தெருவெல்லாம் பேச்சு. தைக்கறதவிட கறை எடுக்கறதுக்கே கூட்டம். ரோட்டுத் தூசி பட்டுல படியும்னு ஜன்னல சாத்தி, தெரை போட்டு வச்சிருப்பா. எவர்சில்வர் கிண்ணத்துல ஊத்தி வச்சுக்கிட்டு காலையில உக்காந்தான்னா சாயங்காலம்தான் எழுந்திருப்பா. போன தை மாசத்துலருந்து சோறு எறங்கல. வாய் கசக்குதும்பா. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன். பித்தம்னு நெனச்சேன். பித்தமாத்தான் இருக்கும்னு நெனச்சேன் சார்.

இன்னிக்குக் காலைல பெரிய டாக்டரு என்னைக் கூப்ட்டாரு. "உங்க மனைவி உடம்புல ஏதோ ஒண்ணு போயிருக்கு. அது எதுன்னு தெரிஞ்சா ஒரு வழி இருக்கு. இன்னும் ஒரு நாள் தாமதிச்சா அந்த வழியும் இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க"ன்னாரு. யோசிச்சுச் சொல்றேன்னு வந்து உக்காந்திருக்கேன். யோசிக்கறேன். கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தவன் நான். ஆவியாப் போச்சுன்னு. இப்ப வீட்டுல இருந்துச்சுன்னு சொன்னா, ஆஸ்பத்திரியில எழுதுவான், போலீஸுக்குப் போவும், டிப்போவுக்குப் போவும், பழைய ஃபைல எல்லாம் எடுப்பான். ரிட்டயர் ஆனவனையும் விட மாட்டான் சார், பென்ஷன்ல கை வைப்பான். பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கோம். மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனப்பாங்க?

மேகலா. ஒரே பொண்ணு. அவளும் அம்மா மாதிரி கெட்டிக்காரி. வியாழக்கெழம வாடிக்கைக்காரங்க வீட்டுல முகூர்த்தம், ஒப்புக்கிட்ட சேலையெல்லாம் குடுத்தாகணும்ல. அம்மா இல்லாட்டி என்ன, நான் முடிச்சுக் குடுக்கறேன்னு இன்னிக்குக் காலைலதான்...

இருங்க சார். அவதான் கூப்பிடறா.

சொல்லும்மா. அம்மா தூங்குது. என்னது? எப்பருந்து? சாப்ட்டியா நீ? காலைல சாப்பிடாமயே உக்காந்திருப்ப, அதான் கொமட்டுது. தலையா? எத்தன சேலை எடுத்த? ரூமு சாத்தியா இருக்குது? மேகலா. மேகலா, நான் சொல்றதக் கேளு. கிண்ணத்த அப்படியே விட்டுட்டு எழுந்து வெளிய வா. ஏன்னு கேக்காத. ஜன்னலத் தொறக்கறேன்னு உள்ள நிக்காத, நேரா தெருவுக்கு வா. சேலை பாழாப் போனாப் போவுது! எதிர் வீட்டுல யாரையாச்சும் கூப்ட்டு ஆட்டோ புடிச்சு இங்க வா. வந்துடு கண்ணு. எங்க இருக்க? தெருவுலயா? உக்காரு. படியில உக்காரு.

ஒண்ணுமில்ல சார். சின்னப் புள்ள, பழக்கமில்ல. வெளிக் காத்து பட்டா சரியாப் போயிடும்.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? தெரியும்னா, எனக்கு என்ன தெரியும்? நான் டாக்டரா? ஒரு கிளார்க்குப் பொண்ணு கேட்டுல நின்னு ஒரு வார்த்த சொன்னா, அதை நான் வேதமா எடுத்துக்கணுமா?

எங்க எழுந்துட்டீங்க? உங்க அண்ணன் பேரு இன்னும் கூப்பிடலயே. அந்தப் பக்கம் இல்ல சார், அது டாக்டருங்க ரூமு. அங்க உங்களுக்கு என்ன வேலை? சார், இது எங்க குடும்ப விஷயம். நான் ஏதோ நேரம் போவணும்னு பேசினேன், நீங்க யாரு அதை... சார். நில்லுங்க சார். எனக்கு முட்டி வலி, உங்க பின்னாடி ஓட முடியாது.

சார்!

க்ளீனிங் லிக்விட்டுன்னு சொல்லாதீங்க, அவங்களுக்குப் புரியாது. கார்பன் டெட்ராகுளோரைடுன்னு சொல்லுங்க. மூடின ரூமுல, நாலஞ்சு வருஷமா. பொண்ணும் இன்னிக்குக் காலைலருந்து மோந்திருக்கா, இங்கதான் வர்றான்னு சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லிடுங்க சார்.

நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க.